மட்டனை விட்டாச்சு... மிச்சக் காசு எங்கே?
தவக்காலம் 40 நாள்: கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு!

நெற்றியில் சாம்பலோடு ஆபீசுக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். “என்ன சார், புதுசா விபூதி?” என்று பக்கத்து சீட்காரர் கேட்பார். “இன்னிக்கு சாம்பல் புதன் சார்” என்று அவர் சிரிப்பார். சென்னையில் ஆண்டு தோறும் நடக்கிற பேச்சு இது.

கத்தோலிக்கப் பெரியவர்கள் இந்த நாளை இன்னமும் ‘விபூதிப் புதன்’ என்றே சொல்கிறார்கள். போன வருஷத்துக் குருத்தோலையைச் சுட்டு எடுத்த சாம்பல்தான் நெற்றியில் வைக்கப்படுகிறது. வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்த பழைய ஓலைகளை மறக்காமல் கோவிலில் கொண்டு போய்க் கொடுக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

அன்று தொடங்கி ஈஸ்டர் வரை தவக்காலம். 2026-ல் பிப்ரவரி 18-ந் தேதி சாம்பல் புதன். ஏப்ரல் 5-ந் தேதி ஈஸ்டர். 2027-ல் இன்னும் முன்னாடி: பிப்ரவரி 10-ந் தேதி சாம்பல் புதன், மார்ச் 28-ந் தேதி ஈஸ்டர். மார்ச் 21-ந் தேதியை ஒட்டியோ, அதற்குப் பிறகோ வருகிற பவுர்ணமியைப் பார்த்து, அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையை ஈஸ்டராக வைப்பதால் தேதி இப்படி ஓடுகிறது.

இந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு நடக்கும். “நான் மட்டனை விட்டாச்சு.” “நான் காபியை விட்டாச்சு.” “எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டார்!”

சந்தோஷம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. விட்டதில் மிச்சமான காசு எங்கே போச்சு?

40-ஆ, 46-ஆ?

காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தால் சாம்பல் புதனில் இருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை 46 நாள் வரும். அப்புறம் எப்படி 40?

நடுவில் 6 ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஞாயிறு, ஏசுநாதர் உயிர்த்தெழுந்த நாள். அதனால் நோன்புக் கணக்கில் அது சேராது. 46-ல் 6 போனால் 40!

இதை வைத்துத்தான் மாமியார்-மருமகள் தகராறு. “ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கலாம்” என்பது மருமகள் கட்சி. “நாற்பத்தாறு நாளும் அடுப்புல கறி ஏறக் கூடாது” என்பது மாமியார் கட்சி. சட்டம் மருமகள் பக்கம். பழக்கம் மாமியார் பக்கம். முதல் நாளே உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்து விட்டால் 6 வாரமும் வீடு அமைதியாக இருக்கும்.

சட்டம் கேட்பது என்ன?

உண்மையில் சட்டம் கேட்பது ரொம்பக் கொஞ்சம்.

ஒருசந்தி என்கிற நோன்பு, வருஷத்தில் 2 நாள்தான் கட்டாயம். ஒன்று சாம்பல் புதன், இன்னொன்று பெரிய வெள்ளி. அன்று ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை கொஞ்சமாகச் சாப்பிடலாம். அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது.

சுத்தபோசனம் என்பது இறைச்சியைத் தவிர்ப்பது. அது அந்த 2 நாளும், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளும்.

வயசு? 1983-ம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு. 59 வயது நிறையும் வரை. இறைச்சி விலக்கு 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்கு மேல் வயசு வரம்பு இல்லை.

நோயாளிகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஒருசந்திக் கட்டாயம் இல்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. “சாமிக்காக இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, மயங்கி விழுந்து, வீட்டில் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அலைய விடுவது தவம் ஆகாது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். தவக்காலம் வருவது பெரும்பாலும் பரீட்சைக் காலத்தில். பிளஸ் 2 பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக் காலைப் பலகாரம் இல்லாமல் அனுப்ப எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் கெடுபிடி அதிகம். 1966-ம் ஆண்டு போப்பாண்டவர் ஆறாம் பவுல்தான் இதைத் தளர்த்தினார். கட்டாயத்தைக் குறைத்தாரே தவிர, தவத்தைக் குறைக்கவில்லை. ஜெபம், நோன்பு, தர்மம் மூன்றும் சேர்ந்ததுதான் தவம் என்பதை அவரும் வலியுறுத்தினார்.

வஞ்சிரம் வந்த கதை!

இறைச்சி கூடாது என்றால் ஆடு, மாடு, கோழி கூடாது. மீன் கூடும். முட்டை, பாலும் கூடும். இங்கேதான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்கோ, பக்கத்து மார்க்கெட்டுக்கோ ஓடுகிறவர்கள் உண்டு. வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, நண்டு ரசம் என்று மதியம் ஒரு விருந்தே நடக்கும்! சில நாள் வஞ்சிரம் விலை ஆட்டுக்கறியைத் தாண்டி நிற்கும். சட்டம் அப்படியே இருக்கிறது. தவத்தைத்தான் காணோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ந் தேதி முதல் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. ஈஸ்டர் தள்ளி வருகிற வருஷங்களில் பெரிய வெள்ளி இந்தத் தடைக்குள் விழும். 2025-ல் ஏப்ரல் 18-ந் தேதி அப்படித்தான் வந்தது. அந்த நேரத்தில் பெரிய மீன் வாங்குகிறவர் இன்னும் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அதே சமயம், மீனவர் குடும்பத்தில் மீன்தான் அன்றாடச் சோறு. அங்கே மீனை விடுவது பெரிய விஷயம். இங்கே மட்டனை விட்டு மீனுக்கு மாறுவது சின்ன விஷயம். எது தனக்கு உண்மையிலேயே கஷ்டமோ அதை விடுவதுதான் கணக்கு. காய்கறிச் சாப்பாடே பழக்கமான வீட்டில் மட்டனை விட்டேன் என்று சொல்லிக் கொள்வதில் அர்த்தம் இல்லை. அங்கே விட வேண்டியது செல்போனாக இருக்கலாம். கோபமாகவும் இருக்கலாம்.

டப்பாவில் போடு!

இனி மிச்சக் காசுக் கணக்கு.

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம். வாரம் அரைக் கிலோ ஆட்டுக்கறி. கிலோ 900 ரூபாய் என்று வைத்தால் வாரத்துக்கு 450. ஆறு வாரத்துக்கு 2,700 ரூபாய்.

அப்பா ஆபீஸ் வாசலில் குடிக்கிற இரண்டு டீயில் ஒன்றை விடுகிறார். 15 ரூபாய் வீதம் 40 நாளுக்கு 600.

பையன் ஸ்கூல் விட்டு வரும்போது தின்கிற பப்ஸை விடுகிறான். 20 ரூபாய், வாரம் 5 நாள், ஆறு வாரம். அதுவும் 600.

அம்மா வாரம் ஒரு முழம் பூவை விடுகிறார். 40 ரூபாய் வீதம் ஆறு வாரத்துக்கு 240.

ஆக மொத்தம் 4,140 ரூபாய். கறிக்குப் பதிலாகக் காய்கறி வாங்க வாரம் 150 ரூபாய் வீதம் 900-ஐக் கழித்து விடலாம். கையில் நிற்பது 3,240 ரூபாய்!

கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 54 கிலோ. இரண்டு மூட்டை அரிசி வாங்கி, மேற்கொண்டு 4 கிலோவும் வாங்கலாம். சாதாரணக் குடும்பம், பெரிதாக எதையும் இழக்காமல், இன்னொரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கலாம்.

ஆனால் இந்த 3,240 ரூபாயை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஏன்? மிச்சமாகிற காசு வேறு செலவில் கரைந்து விடுகிறது. போன் மூலம் பணம் கொடுக்கிற பழக்கம் வந்த பிறகு இன்னும் மோசம். வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை.

அதற்கு ஒரே வழி டப்பாதான். ஹார்லிக்ஸ் பாட்டிலோ, பழைய பிஸ்கட் டின்னோ எதுவானாலும் சரி. சாப்பிடுகிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க வேண்டும். டீ குடிக்காத அன்றே 15 ரூபாய் உள்ளே விழ வேண்டும். “மாசக் கடைசியில் மொத்தமாப் போட்டுக்கலாம்” என்றால் நடக்காது! சின்னப் பிள்ளைகள் கையால் போடச் சொன்னால் அவர்களே மற்றவர்களை விட மாட்டார்கள். “அப்பா, இன்னிக்கு டீ காசு எங்கே?” என்று பிடித்துக் கொள்வார்கள்.

காசு போட முடியாத வீட்டுக்கும் வழி உண்டு. பிடி அரிசி! தமிழ் வீடுகளுக்கு இது புதிதல்ல. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி சுமார் 50 கிராம் என்றால், இரண்டு வேளைக்கு 40 நாளில் 4 கிலோ சேரும்.

ஐந்தாம் நூற்றாண்டில் போப்பாண்டவராக இருந்தவர் சிங்கராயர் என்று நம் பெரியவர்கள் சொல்கிற பெரிய லியோ. நோன்பிருக்கிறவன் மிச்சம் பிடித்தது ஏழையின் பசிக்குப் போக வேண்டும் என்று அவர் அப்போதே பிரசங்கம் செய்திருக்கிறார். 2025-ம் ஆண்டு மே 8-ந் தேதி தேர்ந்தெடுக்கப்பட்ட போப்பாண்டவர் சூட்டிக் கொண்டதும் அதே லியோ பெயர்தான்!

யாரிடம் கொடுப்பது?

பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-ல் பாரீசில் தொடங்கிய சபை இது. ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்து உதவுவது அவர்கள் முறை. இந்திய ஆயர்கள் 1962-ல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியாவும் தவக்காலத்தில் காணிக்கை திரட்டுகிறது.

கோவில் வரை போவானேன் என்கிறீர்களா? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளம் ஒன்றாந் தேதியே கொடுக்கப்பட்டதா? மளிகைக் கடை பாக்கி தீர்ந்ததா? தங்கையிடம் வாங்கின கைமாற்று திரும்பிப் போச்சா? தர்மத்துக்கு முன்னால் இந்தப் பாக்கிகள் தீர வேண்டும். கடனை வைத்துக்கொண்டு உண்டியலில் போடுவது அடுத்தவர் காசில் செய்கிற தர்மம்!

கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். எடை சரியாக நிறுத்தால் அது ஒரு தவம். கடைப் பையனைப் பத்துப் பேர் முன்னால் திட்டாமல் இருந்தால் அது இன்னொரு தவம்.

அம்மாவுக்கு மட்டும் டபுள் டூட்டியா?

இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை.

அப்பா ஒருசந்தி. அவருக்கு மதியம் தனிச் சமையல். தாத்தாவுக்கு உப்பில்லாக் கஞ்சி. பையனுக்குப் பரீட்சை, முட்டை வேண்டும். பெண்ணுக்கு டிபன் பாக்ஸ். எல்லாவற்றையும் செய்து முடித்து, சாயந்திரம் சிலுவைப் பாதைக்குக் கிளம்பும்போது அம்மா அரை உயிர்! நோன்பு எல்லோருக்கும், வேலை மட்டும் ஒருவருக்கு என்றால் எப்படி?

வெள்ளிக்கிழமை ஒரே பானை. கஞ்சி, துவையல், சுட்ட அப்பளம். வீட்டில் நோன்பு உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் அதுதான். பரீட்சைப் பிள்ளைக்கு மட்டும் ஒரு முட்டை சேர்த்துக் கொள்ளலாம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். பானையைக் கழுவுவது வீட்டுக்காரர் பொறுப்பு! 40 நாளும் பானை கழுவிய ஆணுக்கு, கறியை விட்டது சின்ன விஷயமாகத் தெரியும்.

பாட்டில் விஷயம்

தவக்காலத்தில் குடியை நிறுத்துகிற ஆண்கள் நிறையப் பேர் உண்டு. பல வீடுகளில் வருஷத்தில் நிம்மதியான நாட்கள் என்றால் இந்த 40 நாள்தான். சம்பளக் கவர் முழுசாக வீடு வந்து சேர்கிறது. ராத்திரி சத்தம் இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அப்புறம் வருகிறது ஈஸ்டர். 40 நாள் பாக்கியை ஒரே நாளில் தீர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்! மதியம் பிரியாணி, சாயந்திரம் ரகளை. மனைவி எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அன்றோடு சரி.

நாற்பது நாள் தொடாமல் இருந்தவருக்கு நாற்பத்தொன்றாம் நாளும் முடியும் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. அது அவருக்கே தெரியாமல் நடந்த பெரிய காரியம். ஈஸ்டருக்கு முந்தின வாரமே மனைவியும் பெரியவர்களும் உட்கார்ந்து, “இன்னும் ஐம்பது நாள் பாருங்களேன். பெந்தகோஸ்து வரைக்கும்” என்று பேசிப் பார்க்கலாம். ஈஸ்டரில் இருந்து பெந்தகோஸ்து ஞாயிறு வரை சரியாக 50 நாள்!

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். அது சாமி குத்தம் இல்லை. உடம்பு காட்டுகிற எதிர்ப்பு. முதலிலேயே டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துவதுதான் பத்திரம்.

அரை மணி நேரம் போதும்

ஜெபம் எங்கே என்று கேட்பீர்கள். தாம்பரத்தில் இருந்து பீச்சுக்குத் தினமும் ரெயிலில் போகிறவருக்குக் காலைப் பூசை எட்டாத விஷயம். சாம்பல் புதனும் லீவு நாள் கிடையாது. ஆனால் பெரும்பாலான கோவில்களில் காலையிலும் மாலையிலும் சாம்பல் பூசுகிறார்கள். ஆபீஸ் விட்டு வரும் வழியில் இறங்கிக் கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை. மொத்தம் 14 நிலைகள். பரங்கிமலையில் படி ஏறும் வழியிலேயே இந்த நிலைகள் இருப்பதால் தவக்காலத்தில் குடும்பம் குடும்பமாக மலை ஏறுகிறார்கள். முட்டி வலிக்காரர்கள் அடிவாரத்திலேயே நின்று ஜெபித்தாலும் போதும்.

போக முடியாதவர்களுக்கு வீடே கோவில். 2020-ல் அதைத்தான் பார்த்தோம். மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. கோவில்கள் மூடிக் கிடந்தன. ஏப்ரல் 12-ந் தேதி ஈஸ்டரும் வீட்டுக்குள்ளேயே போச்சு. அந்த வருஷம் கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக் குடும்பங்கள் சிலுவைப் பாதை செய்தன. சின்னவன் ஒரு நிலையைப் படிக்க, பாட்டி அடுத்த நிலையைச் சொல்ல, அரை மணியில் முடிந்தது. கோவில் திறந்ததும் பல வீடுகளில் அது நின்று போனது. திரும்பத் தொடங்கலாமே!

டி.வி. சீரியல் நேரத்தில் அரை மணியை எடுத்துக் கொண்டால் போதும். செல்போன்கள் எல்லாம் அந்த அரை மணி ஒரே தட்டில் போய்ப் படுத்துக் கொள்ளட்டும். ஜெபம் முடிந்ததும் உடனே எழுந்து போகாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாலு வார்த்தை பேசினால் அதுவும் ஆதாயம்தான். பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒரு போன் போடவும் அதுவே நல்ல நேரம். பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கியூவில் நிற்பதற்கு முன்னால் அந்த போனைப் போட்டு விட்டால், சாமியாரிடம் சொல்ல வேண்டியதில் ஒன்று குறையும்.

டப்பா திறக்கும் நாள்

பெரிய வியாழன் அன்று கோவிலில் 12 பேரின் பாதத்தைச் சாமியார் கழுவுகிறார். அன்று மாலை பூசைக்குக் கிளம்பும் முன் வீட்டில் டப்பாவைத் திறந்து விடலாம். பிள்ளைகளை வைத்தே எண்ணச் சொல்ல வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போகிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஈஸ்டர் துணி எடுக்கும் அவசரத்தில் அதில் கை வைக்கக் கூடாது. டப்பா காசு அடுத்தவர் காசு!

முடிந்தால் அந்த வியாழக்கிழமையே கொண்டு போய்ச் சேர்ப்பது நல்லது. காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். அன்று நம் வீட்டில் பிரியாணி வாசனை தெரு முழுக்க வீசும். டப்பா காசு போய்ச் சேர்ந்த வீட்டிலும் அன்றைக்கு ஏதாவது வேக வேண்டாமா?